சட்டை இல்லாத படங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே கால் மணி. பல் விளக்கியாயிற்று, கழிப்பறை போய்வந்தாயிற்று, ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறேன். சட்டையையும் பனியனையும் கழற்றிக் கட்டிலில் எறிகிறேன். முக்காலியின் மேல் பழைய பேரேடுகள் மூன்றை அடுக்கி, அவற்றின் மேல் கைபேசியைச் சாய்த்து நிறுத்துகிறேன். தரையில் கறுப்பு டேப் ஒட்டிய ஒரு கோடு இருக்கிறது. அதில் குதிகாலை வைத்து, சுவரைப் பின்னால் விட்டு நிற்கிறேன். பத்து விநாடி டைமர். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகு காட்டி ஒன்று. முடிந்த மறுநிமிஷம் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொள்கிறேன், யாரோ கதவைத் தட்டிவிட்டதுபோல.

இப்படி 34 ஞாயிறுகள், 102 படங்கள். கைபேசியில் அவற்றுக்கென்று பூட்டுப் போட்ட ஓர் இடம். அதற்கு ‘வரிக் கணக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவனின் கைபேசியில் அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் திறக்கத் தோன்றாது.

எனக்கு வயது 47. தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 6.2 என்று வந்தது. 5.7இலிருந்து எச்சரிக்கை, 6.5ஐத் தொட்டால் நோய். மருத்துவர் டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். 101 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90ஐத் தாண்டக் கூடாது என்றார். தாண்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுவாரம் எங்கள் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன்.

அங்கே பயிற்சி சொல்லித்தருகிற மாஸ்டருக்கு வயது 26. எடை மெஷினில் நான் தினமும் ஏறி இறங்குவதைப் பத்து நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, அதுல ஏறாதீங்க, கிறுக்குப் புடிச்சுரும். வாரத்துக்கு ஒருக்கா போட்டோ எடுங்க. அதான் பேசும்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி பிரியாணி சாப்பிட்டால் ஞாயிறு காலை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பு இல்லை, தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்தோ கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்தே வைத்துக்கொள்ளும். பட்டினி கிடக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டதென்று ஆளாளுக்குக் குதிப்பதும் இந்தத் தண்ணீர்க் கணக்குதான். எங்கள் தொழிலில் சொல்வதென்றால், எடை மெஷின் நாளேடு. வரவும் செலவும் கலந்து கிடக்கும். படம் ஐந்தொகை. இருப்பு என்ன என்று அதில்தான் தெரியும்.

ஐந்தொகையிலும் கள்ளக் கணக்கு எழுதலாம் என்பது கணக்கனுக்குத் தெரியாதா? ஒரு ஞாயிறு எழுதிப் பார்த்தேன். நான்கு இட்லியும் இரண்டு டம்ளர் தண்ணீரும் உள்ளே போன பிறகு, எதிர்ச் சுவர் டியூப்லைட் வெளிச்சத்தில், வேட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டி, தோளைத் தொங்கவிட்டு ஒரு படம். அடுத்து விளக்கை அணைத்தேன். சன்னலை ஒரு கதவு மட்டும் திறந்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழச்செய்தேன். இருபது தண்டால் எடுத்தேன். மார்பிலும் தோளிலும் ரத்தம் ஏறிப் புடைத்தது, கால் மணி நேரம் தாங்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. வேட்டியை ஏற்றிக் கட்டி, மூச்சை வெளியே விட்டு வயிற்றை உள்ளே இழுத்து, இன்னொரு படம். நேர்வெளிச்சம் மேடுபள்ளங்களை நிரவிவிடுகிறது. பக்கவெளிச்சம் ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் நிழலைக் கீறுகிறது. இருபது நிமிஷ இடைவெளியில் எடுத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனைவியிடம் காட்டினேன். “ஆறு மாசம் இருக்குமா?” என்றாள். மாத்திரை விற்கிறவர்களும் பொடி விற்கிறவர்களும் காட்டுகிற ‘முன்–பின்’ படங்களை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன். முதலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பேன்.

எனவே டேப் கோடு, எனவே அதே மணி, அதே வெளிச்சம், அதே முக்காலி. நேர்மையாக இருப்பதற்கு இத்தனை ஏற்பாடு தேவைப்படுகிறது. ஆனால் அந்த ஏற்பாடு பார்க்க நன்றாக இல்லை. வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது மனைவிதான் சொன்னாள்: “என்னங்க இது, ஸ்டேஷன்ல புடிச்சு வச்சு எடுத்த மாதிரி இருக்கு.”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னது சரித்திரப்படி உண்மை. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ஆளை நிறுத்திப் படமெடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர் அல்போன்ஸ் பெர்த்தியோன். 1879இல் பாரிஸ் போலீசில் எழுத்தராகச் சேர்ந்தவர். கைதிகளின் அடையாளக் குறிப்புகளைப் பிரதி எடுப்பதுதான் வேலை. ‘நடுத்தர உயரம், சாதாரண முகம்’ என்று எழுதி எழுதிச் சலித்துப்போய், தலையின் நீளம், நடுவிரலின் நீளம், முன்கையின் நீளம் என்று அளக்கத் தொடங்கினார். கூடவே ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில், அசையாத நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு படம். பெயரை மாற்றிக்கொண்டு, தாடி வளர்த்துக்கொண்டு திரும்ப அகப்படுகிற திருடன் பழைய ஆள்தான் என்று நிரூபிப்பதற்கு அது. ஆள் மாறவே இல்லை என்று காட்டப் பிறந்த முறையை வைத்துக்கொண்டு, ஆள் மாறிவிட்டான் என்று காட்ட நான் ஞாயிறுதோறும் பாடுபடுகிறேன்.

மாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் வேறொரு பாடம் வைத்திருந்தார். “நீங்க எண்டோமார்ஃப், அண்ணே. மெதுவாத்தான் எறங்கும்.” எண்டோமார்ஃப், மீசோமார்ஃப், எக்டோமார்ஃப் என்ற மூன்று சொல்லும் எல்லா ஜிம்களிலும் வேத வாக்கு. அவற்றைப் புழக்கத்தில் விட்டவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். உடம்பின் அமைப்பைப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். அவருடைய ஆய்வுக்காகப் பேர்பெற்ற கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஆடையின்றி நிறுத்தப்பட்டார்கள். முன்புறம், பக்கம், பின்புறம். சரியாக என்னுடைய மூன்று கோணம். அவற்றில் ஆண்களின் படங்களைத் தொகுத்து 1954இல் ஓர் அட்லஸே போட்டார். குணக் கோட்பாடு காலாவதியாகி, படங்களில் பெரும்பகுதியைக் கல்லூரிகள் பிற்பாடு அழித்துவிட்டன. சொற்கள் மட்டும் தப்பிப் பிழைத்து மதுரையில் ஒரு தெருமுனை ஜிம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனால் என்னை உறுத்தியது பாரிஸும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. எழும்பூர். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கையில் அளவுக் கருவிகளோடு இந்த மாகாணம் முழுக்கச் சுற்றினார். அருங்காட்சியகத்திற்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. மூக்கின் அகலம், நீளம், தலையின் அகலம், நீளம், மார்பின் சுற்றளவு. கே. ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலை ஒரு நாள் நூலகத்தில் புரட்டினேன். மேல்துணி இல்லாமல் நிற்கிற ஆண்கள். கேமராவை எப்படிப் பார்ப்பதென்று யாரும் சொல்லித்தராத முகங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர். அவர்கள் யாரும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றிருக்க மாட்டார்கள். கழற்றுவதற்கு இருந்தால்தானே?

புத்தகத்தை மூடும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா கீழமாசி வீதியில் மூட்டை தூக்கினார். மதுரைக்காரர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்ல வேண்டியதில்லை. பலசரக்கு மொத்த வியாபாரம். ராத்திரி வந்து நிற்கிற லாரிகளைக் காலை வெயில் ஏறுவதற்குள் காலி செய்தாக வேண்டும். அரிசி மூட்டை 75 கிலோ, சீனி மூட்டை 100. அப்பாவின் எடை 58. தன் எடையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, பலகை வழியே இறங்கி, கிட்டங்கிப் படி ஏறி, அட்டியில் போட்டுவிட்டு, கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த நடைக்குத் திரும்புவார். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாதென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரை எழுதிவிட்டது. கீழமாசி வீதிக்கு அந்தக் கடிதம் வந்து சேரவில்லை.

போன மாதம் நான் டெட்லிஃப்டில் 80 கிலோவை ஐந்து முறை தரையிலிருந்து இடுப்புவரை தூக்கினேன். இடுப்புக்கு பெல்ட், உள்ளங்கைக்குச் சாக்பீஸ் பவுடர், பக்கத்தில் பிடிக்க ஆள். மாஸ்டர் கைதட்டினார், வீடியோ எடுத்தார். முடிந்ததும் மூன்று நிமிஷம் உட்காரச் சொன்னார், தசைக்கு ஓய்வு வேண்டுமாம். அப்பாவின் இரண்டு நடைகளுக்கு நடுவே இருந்தது திரும்பி வருகிற தூரம்தான்.

அந்த உடம்பை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் தொட்டியடியில் நின்று, செம்பு செம்பாக மொண்டு ஊற்றிக்கொள்வார். தண்டுவடத்தின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கிப் போட்டதுபோல் தசை. வயிற்றில் ஒரு மடிப்பு கிடையாது. ‘வாரணம் ஆயிரம்’ படம் வந்த 2008க்குப் பிறகு ஊரில் பையன்கள் எல்லாம் ‘சிக்ஸ் பேக்’ என்று சொல்லத் தொடங்கியபோது, இதைத்தானே தொட்டியடியில் தினம் பார்த்தோம் என்று தோன்றியது. அப்போது அதற்குப் பெயர் இல்லை. அழகென்று யாரும் சொன்னதில்லை, அம்மாகூட. பழைய சோறும், சம்பள நாளில் கறியும் தின்று வந்த உடம்பு. நாற்பத்தைந்தில் முழங்கால் போயிற்று, ஐம்பதில் இடுப்பு. ஜிம் சுவர்ப் படங்களில் இருப்பவர்களுக்கு அந்த உடம்பு நோக்கம். அப்பாவுக்கு அது வேலையின் கழிவு. மரம் அறுத்தால் தூள் விழுகிற மாதிரி.

அந்த உடம்புக்கு ஒரு படம்கூட இல்லை. அப்பாவுக்கென்று இருப்பது ஒரே படம், சுமைதூக்கும் தொழிலாளர் சங்க அட்டையில் ஒட்டியது. அதற்காக அவர் சவரம் செய்துகொண்டு, தீபாவளிச் சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனதாக அம்மா சொல்வார். வருஷம் முழுக்கத் துண்டோடு திரிந்தவர் படத்துக்காகச் சட்டை போட்டார். நாள் முழுக்கச் சட்டைக்குள் இருக்கிற நான் படத்துக்காகச் சட்டையைக் கழற்றுகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தலைமுறை என்று சொல்லலாம். எனக்கென்னவோ தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் நடுவில் கிடப்பதுபோல் இருக்கிறது.

மேல்துணி இந்த மண்ணில் சும்மா கிடைத்துவிடவில்லை. தெற்கே தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டு, மிதிபட்டு, 1859இல்தான் திருவிதாங்கூர் மன்னரின் ஆணையைப் பெற்றார்கள். மேல்தெருவில் நடக்கும்போது தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்ற விதியை என் தாத்தா வாழ்ந்து பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் பூட்டுவது வெறும் பழக்கம் இல்லை.

இதே மதுரையில்தான் காந்தி சட்டையைக் கழற்றினார். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், இனி முழங்காலளவு வேட்டி மட்டுமே என்று முடிவெடுத்தார். மேலமாசி வீதிக்கும் கீழமாசி வீதிக்கும் நடுவே மீனாட்சியம்மன் கோயில், நடந்தால் கால் மணி நேரம். ஏழைகளைப்போல் இருக்க அவர் கழற்றினார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழையைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினால் அவன் முதலில் கேட்பது சட்டை. அம்பேத்கர் ஏன் கோட்டோடு நின்றார் என்று எங்கள் அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

தன் உடம்பைத் தானே விரும்பிப் படமெடுத்துக்கொண்டவர்களும் தெற்கில் உண்டு. கோவைப் பக்கத்தில் சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட ‘சாண்டோ’, 1925இல் இறந்துபோன யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கிரேக்கச் சிலைபோல் நின்று மயக்கிய ஆள் அவர், அவருடைய படங்கள் உலகம் முழுக்க விற்றன. பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே. வி. ஐயர் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் உடலையே மாதிரியாக நிறுத்திப் படமெடுத்து 1930களில் புத்தகங்கள் போட்டார். ஒரு பிராமணர் கச்சத்தோடு நின்று தசையைக் காட்டியது அன்றைக்குத் துணிச்சல்தான். அதே கை பிற்பாடு கன்னடத்தில் நாவல்களும் எழுதியது. அவற்றில் ‘ரூபதர்சி’ என்று ஒன்று. ஓர் ஓவியன் குழந்தை ஏசுவை வரைய ஒரு சிறுவனைக் கண்டுபிடிக்கிறான். பல வருஷம் கழித்து யூதாஸை வரையக் கொடூரமான முகம் ஒன்றைத் தேடி அலைந்து பிடிக்கிறான். இரண்டும் ஒரே ஆள். உடம்பை மாற்றச் சொல்லித்தந்த மனிதர் கதை எழுத உட்கார்ந்தபோது ‘முன்–பின்’ வரிசையைத் திருப்பிப் போட்டு எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உடற்பயிற்சிப் படங்களில் ‘பின்’ எப்போதும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். காலம் அப்படியா வேலை செய்கிறது?

எலினோர் ஆன்டின் இந்த ‘முன்–பின்’ கணக்கைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். 1972இல் அந்த அமெரிக்கக் கலைஞர் 37 நாள் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தார். ஒவ்வொரு நாளும் ஆடையின்றி நின்று நான்கு படம்: முன், பின், இடம், வலம். மொத்தம் 148. நாளுக்கொரு நெடுவரிசையாக ஒட்டி, ‘செதுக்கல்: ஒரு மரபுச் சிற்பம்’ என்று தலைப்பு வைத்தார். சிற்பி கல்லைச் செதுக்கி அழகைக் கொண்டுவருவதுபோல் பெண் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற குத்தல் அதில் இருக்கிறது. வரிசையைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இறங்கிய எடை நாலரைக் கிலோ சொச்சம். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் வித்தியாசமே தெரியாது. முதல் நெடுவரிசைக்கும் கடைசிக்கும் கண்ணை ஓட்டித் தேட வேண்டும். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

இந்த இடத்தில் என் 34 வாரங்களை நினைத்துக்கொள்கிறேன். எட்டாம் வாரம்வரை ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றாம் வாரம் முகத்தில் தாடை எலும்பு கொஞ்சம் வெளியே வந்தது. தொப்பை கடைசியாகத்தான் அசைந்தது. முதலில் வந்தது கடைசியில் போகும் என்பார் மாஸ்டர். சாதாரணமாக யாரும் ஒரு செடியைத்தான் இப்படி வாரம் தவறாமல் பார்ப்பார்கள்.

ஆன்டின் அதோடு நிறுத்தவில்லை. 2017இல், எண்பதைக் கடந்த வயதில், கணவரை இழந்த பிறகு, திரும்ப அதே வேலையைச் செய்தார். அதே அளவு எடையைக் குறைக்க இந்த முறை நூறு நாளும் அதற்கு மேலும் பிடித்தது, படங்கள் நூற்றுக்கணக்கில். கல் இறுகிப்போயிருந்தது. 1972 வரிசையை ‘முன்’ என்றும் 2017 வரிசையை ‘பின்’ என்றும் வைத்துக்கொண்டால் என் ஜிம்மின் இலக்கணம் முழுக்கக் கவிழ்ந்துவிடுகிறது. ஆனாலும் அந்தக் கிழவி நேராக நிற்கிறார்.

முதுகுப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 47 வயதில்தான் நான் என் முதுகை முதன்முதலாகப் பார்த்தேன். முகத்தைத் தினம் கண்ணாடியில் பார்க்கிறோம், அதுவும் இடம் வலமாகத் திருப்பித்தான். அந்தத் திரும்பிய முகமே நமக்குப் பழகிப்போய், 1977இல் செய்த ஓர் ஆய்வில் பலரும் தங்களுடைய கண்ணாடி பிம்பப் படத்தையும், அவர்களின் நண்பர்கள் நேர்ப் படத்தையுமே நன்றாக இருக்கிறதென்று தேர்ந்தார்கள். முதுகுக்கு அந்தப் பஞ்சாயத்துக்கூட இல்லை. அது மற்றவர்களுடைய சொத்து. நமக்குப் பின்னால் நடப்பவர்கள், வரிசையில் நிற்பவர்கள், மனைவி, மருத்துவர். என் முதுகு பெரிய, மழுங்கிய, பொதுவான ஒரு முதுகு. கீழே இரண்டு பக்கமும் சதை மடிந்து விழுந்திருந்தது. யாரோ பேருந்தில் எனக்கு முன்னால் நிற்பவர் என்று நினைத்துத் தள்ளிப்போகச் சொல்லியிருப்பேன். அப்பாவின் முதுகை மட்டும் ஊர் பார்த்தது. மூட்டைக்கு அடியில் முகம் குனிந்திருக்க, கடைக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் அவர் ஒரு முதுகாகத்தான் தெரிந்திருப்பார்.

எடை 86இலிருந்து 78க்கு வந்தது. இடுப்பு 92. சர்க்கரை 5.8. இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான், ஆனாலும் மருத்துவர் முகம் கொடுத்துப் பேசுகிறார். ஊர்தான் பேசவில்லை. இளைத்தவனை நம் ஆட்கள் வாழ்த்துவதில்லை, விசாரிப்பார்கள். “என்னண்ணே, சுகரா?” என்றார் டீக்கடைக்காரர். “வீட்ல எதும் பிரச்சனையா?” என்றார் அலுவலகத்தில் ஒருவர். பூசினாற்போல் இருப்பது சோற்றுக்கு வழியிருப்பவனின் அடையாளம் என்று பழகிய கண்கள். பஞ்சம் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஒரு சுற்றுப் பெருத்தால்தான் எங்களுக்கு நல்ல சேதி.

அம்மாவுக்கும் அதே சந்தேகம். அவருக்கு வயது 74, கண்ணில் புரை எடுத்த பிறகு எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. “எலும்பெடுத்துப் போச்சேய்யா. என்னமோ மறைக்கிற” என்று ஒரு வாரமாக நச்சரித்தார். வேறு வழியில்லாமல் ‘வரிக் கணக்கு’ பூட்டைத் திறந்து கைபேசியைக் கையில் கொடுத்தேன். திட்டம் போட்டுத்தான் இளைத்தேன், வாரவாரம் சாட்சி இருக்கிறது பாருங்கள் என்று.

முதல் படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கடைசிப் படத்தையும் பார்த்தார். திரும்ப முதல் படத்துக்குப் போனார்.

“இதுலதான்யா நல்லா இருக்க. குடும்பஸ்தன் மாதிரி.”

மூன்று கிளிக், 34 வாரம், 80 கிலோ டெட்லிஃப்ட். நான் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு முதுகுப் படத்தில் நின்றார்.

“எடது தோளு எறங்கியிருக்கு பாரு.”

இருந்தது. மாஸ்டரும் சொல்லியிருந்தார், பையை ஒரே பக்கம் மாட்டுவதால் வந்தது என்று. எனக்குள் ஓர் ஆசை வந்து உட்கார்ந்தது. “அப்பாவுக்கும் இப்படித்தானம்மா?” என்றேன்.

“அவருக்குச் சோத்துக்கைப் பக்கமில்ல எறங்கியிருக்கும்? மூட்டை அங்கனதான் உக்காரும். உனக்கு எடம் மாறியிருக்கு” என்றார். வேறொன்றும் இல்லை, ஒரு தகவல்.

எழுந்து போய் பீரோவிலிருந்து சங்க அட்டையை எடுத்துவந்தேன். ஓரம் பழுத்த கறுப்பு வெள்ளைப் படம், கட்டைவிரல் அகலம். கைபேசியில் அதைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துப் பொத்தான் தெரிந்தது. காலர் மடிப்பு தெரிந்தது. இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருந்தன. ஸ்டூடியோக்காரர் நிமிர்ந்து உட்காரச் சொல்லியிருப்பார். வலப்பக்கம் ஒரு நூல் இறக்கமாவது தெரிகிறதா என்று அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

“சட்டையில தெரியாதுய்யா” என்றார் அம்மா. “தெரியக் கூடாதுன்னுதான போட்டாரு.”

அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் பைக்குள் செருகினார். உளுந்து ஊறப்போடவில்லை என்று ஞாபகம் வந்து எழுந்து போனார்.